நின்றபடி நடுங்கும் வண்டி



புகையிரதக் கடவை மூடியிருக்கும் வேளையில் வரிசையாக நிற்கும் வாகனங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புதிய வண்டிகள் எஞ்சின் ஓடுகிறதோ இல்லையோ என்று ஐயுறும்படி அமைதியாக நிற்கும். அவற்றினிடையே பழைய மொரிஸ் மைனரோ ஒஸ்ரினோ நின்றால், அது நிற்குமிடம் கண்ணை மூடியிருப்பவருக்கும் தெரியும். சில்லுகள் உருளவில்லை, ஆனால் வண்டி முழுவதும் குளிர்க்காய்ச்சல் கண்டவரைப்போல் நடுங்கும். கதவுக் கண்ணாடி கடகடக்கும். சாரதி வேகமிதியை இடையிடையே அழுத்திக்கொண்டே இருப்பார். காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும் என்ற அச்சம் அவருக்கு.

இந்த நடுக்கத்தின் காரணத்தைக் கண்டறிவது எவ்வாறு, தீர்ப்பது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பாடசாலை அதிபர் ஒருவருக்கு, அதுவும் கலைப்பட்டதாரி ஒருவருக்கு, இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நான் கற்றவை தமிழும் வரலாறும், பொறியியல் அன்று. ஆயினும் என் தந்தையார் 1961 ஆம் ஆண்டில் வாங்கிய மொரிஸ் மைனர் 1000 வண்டியை இன்றும் நான் ஓட்டி வருகிறேன். அவ்வண்டியின் நடுக்கம் எனக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. அதைக் கற்றபோது நான் அடைந்த வெட்கத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

2018 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் என் வண்டி நின்றபடி நடுங்கத் தொடங்கியது. காபரேற்றரின் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி உண்டு. அதை உட்புறமாகத் திருகினால் எஞ்சின் சற்று வேகமாகச் சுழலும். திருகினேன். நடுக்கம் மறைந்தது. ஒரு திருகாணி முடுக்கியைக் கொண்டு இரண்டு நிமிடத்தில் வண்டியைத் திருத்திவிட்டேன் என்று வீட்டிலே பெருமையும் பேசினேன்.

மூன்று கிழமைகள் சென்றன. மார்கழி மழை கொட்டிய ஓரிரவு, விடியற்புறம் இரண்டு மணியிருக்கும். அயல் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. அவளையும் அவளுடைய தாயாரையும் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் புறப்பட்டேன். பாதி வழியில், வெள்ளம் நின்ற ஒரு முடக்கில் வேகத்தைக் குறைத்தபோது எஞ்சின் இருமுறை இருமி நின்றுவிட்டது. மீண்டும் இயக்க முயன்று முயன்று பற்றரியும் சோர்ந்தது. மழையில் இறங்கி, முன்புறக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினேன். வண்டி அசையவில்லை. பின்னாசனத்தில் அந்தப் பெண் வலி பொறுக்காமல் முனகிக்கொண்டிருந்தாள். அவளுடைய தாயார் என்னை ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாக இருந்தது. அரைமணி நேரத்தின் பின் சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் சென்ற லான்ட்மாஸ்டர் ஒன்று வந்தது. மூட்டைகளை இறக்கிவிட்டு, படங்கினால் மூடி, அவர்களை அதிலே அனுப்பிவைத்தோம். தாயும் சேயும் நலமே பிழைத்தார்கள். அக்குழந்தை இப்பொழுது பாடசாலைக்குச் செல்கிறாள். ஆயினும் அந்த அரைமணி நேரத்தை நான் மறக்கவில்லை.

மறுநாள், எங்கள் ஊரில் ஐம்பது ஆண்டுகளாகக் கராஜ் வைத்திருந்த முதியவர் ஒருவர் வந்து எஞ்சின் மூடியைத் திறந்தார். நான் திருகிய திருகாணியைக் கண்டதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாஸ்டர், பிள்ளை அழுதால் ஏன் அழுகுதெண்டு பாக்க வேணும். வாயைப் பொத்தினால் அழுகை நிண்டிடும், வருத்தம் நிக்குமோ?" என்றார். பிள்ளைகளை வளர்ப்பது பற்றிப் பெற்றோருக்கு அறிவுரை கூறுகின்ற எனக்கு அந்தச் சொல் எப்படித் தைத்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நேயர்களே, எஞ்சின் மெல்ல ஓடும்போது மட்டும் நடுக்கம் தெரிவதேன்? இதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். என் வண்டியைப் போன்ற நாலு சிலிண்டர் எஞ்சின், வண்டி நிற்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 முறை சுழலும். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறையே தீப்பற்றும். எனவே, ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 250 முறை, அதாவது செக்கனுக்கு நாலு முறை வேலை செய்கிறது. நால்வர் சேர்ந்து தூக்கும் பல்லக்கில் ஒருவர் தோள் கொடாவிட்டால் பல்லக்குச் சரிவதுபோல, ஒரு சிலிண்டர் தவறினால் எஞ்சின் ஒருபுறம் சாய்ந்து மீளும். வேகமாக ஓடும்போது பாரச் சில்லின் உந்தம் அக்குறையை மூடிவிடும். மெல்ல ஓடும்போது மூட எதுவுமில்லை. அன்றியும், அப்பொழுது எஞ்சினுக்குள் செல்லும் காற்று மிகச் சிறிது. ஆகவே, வேறொரு வெடிப்பின் வழியே நுழையும் சிறிதளவு காற்றுங்கூடக் கலவையைக் கெடுத்துவிடும். நின்றபடி ஓடும் ஓட்டம் எஞ்சினின் நாடித்துடிப்பு என்று சொல்லலாம். வேகத்தைக் கூட்டி நடுக்கத்தை மறைப்பவர், நாடி பார்க்கும் வாய்ப்பைத் தாமே இழந்துவிடுகிறார்.

எங்கள் குடாநாட்டுக்கும் இத்தகைய வண்டிகளுக்கும் நீண்ட தொடர்பு உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதலாவது பிரித்தானியக் கார் அதுவே. 1990 களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், இவ்வண்டிகளும் ஒஸ்ரின் வண்டிகளும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகையால், ஒரு சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நான் அப்பொழுது இளைஞன். உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. தவறாக ஒன்றைக் கழற்றி எறிந்தால் அதற்கு ஈடு இல்லை. அதனால் அக்காலத்துச் சாரதிகள் கையை நீட்டுமுன் காதைக் கொடுத்தார்கள். கராஜ் முதியவர் எனக்குக் கற்பித்த முறையும் அவ்வழியில் வந்ததே. அதை வரிசைப்படி கூறுகிறேன்.

முதலாவது, கேட்டல். எஞ்சினை நன்கு சூடேறவிட்டு, புகைக்குழாயின் அருகே நின்று செவிசாயுங்கள். தவறுதல் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியாயின் ஏதோ ஒரு சிலிண்டரில் மட்டும் குறை இருக்கலாம். ஒழுங்கின்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறதா? அப்படியாயின், எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒன்றில், அதாவது காற்றிலோ, கலவையிலோ, மின்பொறியை அனுப்பும் இடத்திலோ குறை இருக்கலாம். புகை கருமையாயின் பெற்றோல் மிகுதி. நீலமாயின் எண்ணெய் எரிகிறது.

இரண்டாவது, எந்தச் சிலிண்டர் என்று அறிதல். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதன் முனை எஞ்சினின் உலோகத்தில் தொடும்படி வைத்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். நடுக்கம் இன்னும் மோசமாயின் அந்தச் சிலிண்டர் நல்லது. அதன் உழைப்பை நாம் நிறுத்தியதால் மோசமாயிற்று. எந்த மாற்றமும் இல்லையாயின் குற்றவாளி அதுவே. முன்பே உழைக்காதிருந்த ஒன்றை நிறுத்தினால் என்ன வேறுபாடு தோன்றும்? என் வண்டியில் முன்னிருந்து மூன்றாவது சிலிண்டரின் கம்பியைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை.

மூன்றாவது, பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தல். அவற்றின் முனையே எஞ்சின் எழுதிய கடிதம். இளங்கபில நிறமாயின் நலம். உலர்ந்த கரியாயின் பெற்றோல் மிகுதி. எண்ணெய்ப் பசையாயின் வளையங்களோ வால்வுகளின் வழிகாட்டிகளோ தேய்ந்துள்ளன. வெண்மையாயின் பெற்றோல் குறைவு. மொரிஸ் மைனர் 1000 இல் பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம் இருத்தல் வேண்டும்.

நாலாவது, மின்பொறியைப் பகிரும் பெட்டி. இதனை டிஸ்ரிபியூற்றர் என்பர். அதன் மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் உள்ளும் புறமும் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று போதும். ஈரம் படும் நாளில் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அவ்வெடிப்பின் வழியே ஓடிவிடும். உள்ளே பொயின்ற் என வழங்கும் தொடுமுனைகள் இரண்டும் முற்றாகத் திறந்திருக்கையில் அவற்றின் இடைவெளி 0.015 அங்குலம் இருத்தல் வேண்டும். முனைகள் அடிக்கடி கருகினால் கொண்டென்சரைச் சந்தேகியுங்கள். என் வண்டியின் மூடியில் அத்தகைய வெடிப்பு இருந்தது. மழையிரவில் அது மீண்டும் இயங்காது போனமைக்கு அதுவே காரணம். ஆனால் உலர்ந்த நாளிலும் இருந்த நடுக்கத்துக்கு அது காரணமன்று. ஒரு வண்டியில் ஒரு பிழை கண்டவுடன் தேடலை நிறுத்திவிடக்கூடாது என்பதை அன்று அறிந்தேன்.

ஐந்தாவது, வால்வுகளின் இடைவெளி. இதிலேதான் என் வண்டியின் மறைபொருள் வெளிப்பட்டது. மைனர் 1000 இல் எட்டு வால்வுகள் ஒரே வரிசையில் உள்ளன. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஒவ்வொன்றினதும் இடைவெளி 0.012 அங்குலம் இருத்தல் வேண்டும். எந்த வால்வை எப்பொழுது அளப்பது என்பதற்கு எளிய கணக்கு ஒன்றுண்டு. கூட்டுத்தொகை ஒன்பதாக வரவேண்டும். எட்டாவது வால்வு முற்றாகத் திறந்திருக்கும்போது முதலாவதை அளக்கலாம். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை அளக்கலாம். எங்கள் நாலாம் வகுப்பு மாணவரும் இதைச் செய்வர். என் வண்டியில் நாலாவது வால்வைத் திறந்து ஐந்தாவதை அளந்தபோது, மெல்லிய தகடு ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை. அது மூன்றாவது சிலிண்டரின் புகை வால்வு. இடைவெளி அற்றுப்போனதால் அது முற்றாக மூடாமல், அழுத்தத்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது.

இடைவெளி ஏன் அற்றுப்போயிற்று? இவ்வெஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்கென அமைக்கப்பட்டவை. அந்த ஈயம் வால்வும் அதன் இருக்கையும் ஒன்றோடொன்று ஒட்டித் தேயாமற் காத்தது. மக்களின், சிறப்பாகக் குழந்தைகளின், உடல்நலத்துக்கு ஈயம் தீங்கு விளைப்பதால் இலங்கையில் 2002 ஆம் ஆண்டில் அப்பெற்றோல் கைவிடப்பட்டது. அது செய்யத்தக்க செயலே. ஆயின், பழைய எஞ்சின்களில் இருக்கை மெல்ல மெல்லத் தேய, வால்வு மேலேறி இடைவெளியை விழுங்கும். இவ்வெஞ்சினில் நடுவிலுள்ள இரு சிலிண்டர்களின் புகை வால்வுகளும் அருகருகே அமைந்து ஒரே வழியாற் புகையை வெளியேற்றுவதால் அவ்விடத்தில் வெப்பமும் மிகுதி. ஆகவே, பழைய வண்டி வைத்திருப்போர் இவ்விடைவெளியைக் காலந்தவறாது அளந்துவரல் நன்று. என் வண்டியில் வால்வின் விளிம்பும் கருகியிருந்தது. எஞ்சினின் தலையைக் கழற்றி, புதிய வால்வும் கடினமான உலோகத்தாலான இருக்கையும் பொருத்தினோம். நான் திருகாணியைத் திருகிய அன்றே இடைவெளியை அளந்து சரிசெய்திருந்தால், வால்வு கருகாமல் தப்பியிருக்கலாம்.

ஆறாவது, காற்றுக் கசிவு. காபரேற்றரும் எஞ்சினும் சேருமிடங்கள், காற்றுவழிக் குழாயின் காஸ்கெற், டிஸ்ரிபியூற்றருக்குச் செல்லும் மெல்லிய குழாயின் இறப்பர் முனை ஆகிய இடங்களைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது சவர்க்கார நீரைத் தூரிகையால் இவ்விடங்களிற் சிறிது தடவினால், கசிவுள்ள இடத்தில் எஞ்சினின் ஓசை மாறும். சிலர் இதற்குப் பெற்றோலைத் தெளிப்பதுண்டு. சூடான எஞ்சினின் மேல் பெற்றோல் தெளிப்பது தீயை அழைப்பதாகும், ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஏழாவதாகவும் இறுதியாகவுமே காபரேற்றருக்கு வரவேண்டும். மொரிஸ் மைனரில் உள்ளது எஸ்.யு. வகையினது. அதன் மேற்குமிழுக்குள் ஒரு முசலம் உண்டு. அது தடையின்றி எழுந்து, ‘டக்’ என்ற ஒலியுடன் கீழே விழல் வேண்டும். குமிழின் உச்சியில் மெல்லிய எஞ்சின் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னர், எஞ்சின் சூடாக ஓடும்போது அம்முசலத்தை ஓர் அங்குலத்தின் 32 இல் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். எஞ்சின் வேகங்கொண்டு அவ்வேகத்திலேயே நிலைத்தால் பெற்றோல் மிகுதி. உடனே தளர்ந்து நிற்கப்பார்த்தால் பெற்றோல் குறைவு. கணநேரம் சற்றே விரைந்து பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. சரியில்லையாயின் அடியிலுள்ள அறுபக்க நட்டை ஒருமுறைக்கு ஒரு பக்க அளவே திருப்புங்கள். மேலேற்றினால் பெற்றோல் குறையும், கீழிறக்கினால் கூடும். கலவை சரியான பின்னரே, நான் முதலிற் கைவைத்த அந்தத் திருகாணிக்கு வேலை வரும்.

இவ்வரிசையில் காபரேற்றர் ஏன் கடைசியில் நிற்கிறது? மின்பொறி தவறினாலும், வால்வு கசிந்தாலும், காற்று நுழைந்தாலும் காபரேற்றரைத் திருகி ஓரளவுக்கு ஓசையை மாற்றிவிடலாம். மாற்றியபின் முதற்பிழையோடு இரண்டாவது பிழையும் சேர்ந்துவிடும். எது முந்தியது என்று கண்டறிவதும் அரிதாகும். ஆதலால் ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைக் கொப்பியில் எழுதுங்கள். பயன் இல்லையாயின் பழைய நிலைக்கே திருப்பி வையுங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் நடுக்கம் நீங்காவிட்டால், கராஜில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றினும் மிகக் குறைவாயின், பிளக்கின் துவாரத்தால் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் வளையம் தேய்ந்துள்ளது. உயராவிட்டால் வால்விலோ தலையின் காஸ்கெற்றிலோ குறை உண்டு.

எச்சரிக்கையாகச் சில சொற்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமும் நிறமும் அற்றது, உயிரைக் கொல்வது. கைத்தடுப்பை இழுத்து, கியரை நடுநிலையில் வைத்த பின்னரே முன்னால் நில்லுங்கள். சால்வை, வேட்டித்தலைப்பு, சேலை முந்தானை ஆகியவை விசிறிக்குத் தூரமாக இருக்கட்டும். நான் கூறிய அளவுகள் மொரிஸ் மைனர் 1000 க்கு உரியவை. வேறு வண்டியாயின் அதற்குரிய கைந்நூலைப் பாருங்கள்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும், 2022 இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோதும், பழைய வண்டியைப் பேணத்தெரிந்த குடும்பங்கள் ஓரளவு தலைநிமிர்ந்து நின்றன. பணச்சிக்கனம் ஒருபுறமிருக்க, நம் வண்டியை நம்பி ஏறுபவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நள்ளிரவில் கதவைத் தட்டும் அயலவர், வண்டியின் வயதைக் கேட்டு ஏறுவதில்லை. நம் முகத்தைப் பார்த்து ஏறுகிறார்.

இப்பொழுது ஒவ்வொரு மாதமும் முதற் சனிக்கிழமை காலையில், எஞ்சினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் அதன் பக்கத்தில் நின்று கேட்கிறேன். கையில் திருகாணி முடுக்கி இல்லை. உங்கள் வீட்டிலும் பழைய வண்டி ஒன்று இருக்குமாயின், வருகிற சனிக்கிழமை நீங்களும் அவ்வாறு கேட்டுப் பாருங்கள்.